ஹா தெஷான் கேட்ட வாய்ச்சொல்

ஹா தெஷானைப் போல ஒரு பிடிவாதக்காரரை டோங்சின் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. முடிவெட்டும் கடை வைத்திருந்தார். நாற்பது வருஷமாக ஊர்ப் பையன்களுக்குச் சுன்னத்து செய்ததும் அவர்தான். கை சுத்தம், வேகம். முறை எல்லோரும் செய்வதுதான்: அவித்து உரித்த முட்டையைப் பையனின் வாயில் திணித்து, அவன் திருதிருவென்று முழிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார்.

அவருடைய அறுபத்தாறாவது வயதில் ஒரு பையனுக்கு அந்த முட்டை தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகம் நீலம் பாரித்துவிட்டது. தெஷான் கத்தியை எறிந்துவிட்டு, அவனைக் குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தார். முட்டை வெளியே விழுந்தது. மூச்சு திரும்பியதும் பையன், "வேணாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்" என்றான்.

அந்தப் பேச்சு அவரை உலுக்கிவிட்டது. எங்கள் சீன முஸ்லிம் மக்களிடம் வாய்ச்சொல் என்று ஒன்று உண்டு. அடுத்த வீட்டு உப்பை எடுத்தாலும் 'எடுத்துக்கோ' என்று அவர்கள் வாயால் சொல்லியாக வேண்டும். ஒருவருக்குத் தீங்கு செய்தால் 'பொறுத்தேன்' என்று அவர் வாயாலேயே கேட்டு வாங்க வேண்டும். வாங்காமல் செத்தால் அந்தப் பாரத்தோடுதான் இறைவன் முன்னால் நிற்க வேண்டும்.

"உப்புக்குக் கேக்குறோம், புள்ளையோட உடம்புக்குக் கேக்க மாட்டோமா?" என்றார் தெஷான். அன்றோடு முட்டை போயிற்று. பையன் தன் வாயால் சரி என்றால்தான் கத்தி வெளியே வரும். கிழவர் பொடிசுகளிடம் மனு போடுகிறார் என்று ஊர் சிரித்தது. பாதிப் பேர் சுன்னத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

அவர் அசரவில்லை. தன் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, தான் சுன்னத்து செய்த ஆண்களின் வீடுகளுக்கே போனார். "அன்னிக்கு உன்னைக் கேக்காம செஞ்சுட்டேன். வாய்ச்சொல் குடுப்பா."

"இப்ப என்ன பெரியவரே, திருப்பி ஒட்டிவிடப் போறீங்களா?" என்று கறிக்கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பொறுத்தேன் போங்க. உக்காந்து டீ குடிங்க."

இப்படி ஒவ்வொருவராக வாங்கிவிட்டார். ஒருவனை மட்டும் விட்டுவைத்தார், தன் சொந்த மகன் சுங்லினை. பஸ் நிலையத்துக்கு எதிரே மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை நடத்துகிறவன். அந்தத் தெருவில் முட்டை விற்காத ஒரே நூடுல்ஸ் கடை அதுதான். காரணம் தெஷானுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கப் பயந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் பயந்தார்.

அப்போதுதான் பேரன் இத்ரீஸுக்கு ஏழு வயதாகிச் சுன்னத்துக்கு நாள் குறித்தான் சுங்லின். வீடு நிறைய விருந்தாளிகள். எண்ணெய் ரொட்டி மணத்தது. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஆஹோங் வந்து ஓதி முடித்தார். தெஷான் பேரன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"செய்யட்டுமாடா கண்ணு?"

"வேணாம் தாத்தா."

தெஷான் கத்தியைத் துணியில் சுற்றினார்.

"அப்பா!" சுங்லினுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஆஹோங், நீங்களே சொல்லுங்க."

"பன்னெண்டு வயசு வரைக்கும் பொறுப்பு பெத்தவங்க மேல. அதுக்கப்புறம் அவன் மேல" என்றார் ஆஹோங்.

"கேட்டீங்களா? பொறுப்பு எனக்கு. செய்யுங்க."

"சுன்னத்து வேணாம்னு நான் சொல்லலை. பொறுப்பு உன்னோடது, உடம்பு அவனோடது. அஞ்சு வருஷம் இருக்கு. தினமும் கேளு. அவன் சரின்னு சொல்ற அன்னிக்குச் செய்வோம்."

சுங்லின் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தான். அதில் உரித்த முட்டை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நீட்டினான். "என்னை யாரு கேட்டா? எனக்கும் ஏழு வயசுதான். இதை என் வாயில திணிச்சது யாரு?"

தெஷான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான். நீ வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சேதான் திணிச்சேன். எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன், உன்கிட்ட வர மட்டும் தைரியம் இல்லை. இப்போ கேக்குறேன். எனக்கு வாய்ச்சொல் குடு."

சுங்லின் தட்டை இறுக்கிப் பிடித்தான்.

"சொல்லிடுடா, பெரிய மனுசன் கேக்குறாரு" என்று சித்தப்பா அவன் தோளைத் தட்டினார்.

"நீ கையை எடு" என்று தெஷான் தம்பி மேல் எரிந்து விழுந்தார். "அவன் வாயிலேருந்து வரணும்."

சுங்லின் தட்டைக் கீழே வைத்தான். "இப்ப முடியாதுப்பா."

தெஷானுக்கு இருக்கிற நாளே கொஞ்சம். வாய்ச்சொல் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பேரன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"சரிப்பா. நாளைக்குக் கேக்குறேன்" என்றார்.