கமலேஸ்வரி மறைக்காத வரி

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஒரு ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள் கமலேஸ்வரி. வயது நாற்பத்தெட்டு. தலையில் வலைத்தொப்பி, ஒரு காதில் இயர்போன். அதில் தேவாரம் போகிறது என்று நினைத்தவர்கள் ஏமாந்து போவார்கள். போவது ராப். அது இல்லாவிட்டால், ராப்பைப் பற்றி மணிக்கணக்காக வாயடிக்கிற ‘கடைசி சீட்’ என்ற பாட்காஸ்ட். பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்து கதைப்பதுபோல ஒளிவுமறைவில்லாமல் கதைப்பதால் அந்தப் பெயர்.

இந்தப் பைத்தியம் நேற்றுப் பிடித்ததல்ல. பதின்மூன்று வயதில் ஊரைவிட்டுப் பாரிஸுக்குப் போனவள் அவள். அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பிள்ளைகள் போட்ட ராப் கசெட்டுகளில்தான் அவளுடைய பிரெஞ்சு முளைத்தது. முப்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தபோது பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடாக இருந்தது, இங்கிலீஷ்தான் தகராறு. வகுப்புக்குப் போக ஷிப்ட் விடவில்லை. ‘கடைசி சீட்’டை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள். எழுதியதை ரசிகர்களின் பக்கத்தில் சும்மா போட்டுவிட்டாள். காது கேளாத ரசிகர் ஒருவர், “நான்கு வருடமாக வீடியோவில் படம் மட்டும் பார்த்தேன், இன்றைக்குத்தான் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தது” என்று எழுதினார். அதைப் பார்த்துவிட்டு, பாட்காஸ்ட்டை நடத்துகிற மரினா சப்டைட்டில் வேலையை அவளிடமே கொடுத்துவிட்டாள். மரினா ஆபிரிக்காவின் கானா நாட்டு வம்சத்துக் கறுப்புப் பெண், லண்டன் பெக்கமில் பிறந்தவள், யாருக்கும் வாய் விட்டுக்கொடுக்காதவள்.

அந்த வேலையில் கமலேஸ்வரிக்கு ஒரு பிடிவாதம். விருந்தினர் இடையில் வேறு மொழியில் ஏதாவது சொன்னால், மற்றவர்கள் ‘வேறு மொழியில் பேசுகிறார்’ என்று போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள். இவள் போட மாட்டாள். யொருபாவோ சோமாலியோ, அந்த மொழிக்காரரைத் தேடிப்பிடித்து அர்த்தம் கேட்டு எழுதினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். “கதைச்சது மனுசர்தானே, எழுதினா என்ன கை தேயுமோ?” என்பாள்.

ஒரு தமிழ் விருந்தினரையும் கூப்பிடு என்று மரினாவை இரண்டு வருடம் நச்சரித்தவளும் அவள்தான். கடைசியில் பக்கத்து ஊரான செவன் கிங்ஸ் பையன் சிவதர்ஷனைக் கூப்பிட்டார்கள். நல்ல ராப்பர். அறிவிப்பு வந்ததுதான் தாமதம், ரசிகர் பக்கம் சந்தையானது. “வரும்போது ஒரு பால் போத்தலும் லொத்தர் டிக்கெட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள்” என்று, தமிழர் என்றாலே மூலைக்கடைக்காரர் என்று நினைக்கிற ஒரு கூட்டம். “கத்தியும் ஜெயிலும் தவிர உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கறுப்பு ரசிகர்களைப் பார்த்து எங்கள் ஆட்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து கமலேஸ்வரி எழுதினாள்: “ஒருவரை ஒருவர் பார்த்து போலீஸ்காரன் பேசுகிற பேச்சையே பேசுகிறீர்கள். வெட்கமாயில்லையா?” அதற்கு எண்ணூறு பேர் இதயம் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, சப்டைட்டில் போட அந்தப் பதிவைத் திறந்தாள். பையன் பிச்சு உதறினான். ராப் கறுப்பு மக்கள் பெற்ற பிள்ளை, நாங்கள் அந்த வீட்டில் சாப்பிட்ட விருந்தாளிகள், அதை மறக்கக்கூடாது என்று அவன் சொன்னபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் மரினா மறுபடியும் அவனுடைய அப்பா நடத்துகிற கடையைப் பற்றிக் கேட்டாள். சிவதர்ஷன் சிரித்துக்கொண்டே, கமராவுக்குப் பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்த்துத் தமிழில் சொன்னான்:

“இந்தக் காப்பிலியளுக்கு எங்களைக் கண்டா கடையை விட்டா வேற ஒண்டும் ஞாபகம் வராது போல.”

ஒன்றும் விளங்காத மரினாவும் சேர்ந்து சிரித்தாள்.

கமலேஸ்வரி பதிவை அந்த இடத்தில் நிறுத்தினாள். கறுப்பு மக்களை இழித்துச் சொல்கிற ‘காப்பிலி’, எங்கள் வீடுகளில் சோறு கறி மாதிரிப் புழங்குகிற சொல். பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வோம், கோயில் வாசலில் நின்று சொல்வோம். எங்களை யாராவது ஒரு சொல் சொன்னால் மட்டும் கவுன்சில் வரை போவோம்.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது சிவதர்ஷன் அல்ல, கத்தரின். ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்டில் பிறந்து பிரான்ஸில் லியோனில் வளர்ந்தவள், பதினொரு வருடமாக அவளோடு ஒரே அடுப்பில் நிற்பவள். இரண்டு பேரும் பிரெஞ்சில் ஊர்வம்பு அளப்பார்கள், ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டி இதே பாட்காஸ்ட்டைக் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்கச்சி போனில் “பக்கத்தில ஆர்?” என்று கேட்டதற்கு, “இஞ்ச ஒரு காப்பிலிதான்” என்று கமலேஸ்வரி சொல்லிவிட்டாள். அப்படியென்றால் என்ன என்று கத்தரின் கேட்டாள். ‘கெட்டிக்காரி’ என்று அர்த்தம் என்றாள் இவள். கத்தரினுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அன்று தொடக்கம் எந்தத் தமிழரைக் கண்டாலும், தன் நெஞ்சில் கை வைத்து அந்தச் சொல்லைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்துவாள். கேட்டவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். கமலேஸ்வரி தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்போது அர்த்தத்தை எழுதினால், வெள்ளிக்கிழமை பாட்காஸ்ட் வெளியானதும் கத்தரின் திரையில் வாசிப்பாள். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. முதல் தடவையாக அவளுக்கு அந்தச் சோம்பேறி வரி இனித்தது: ‘தமிழில் பேசுகிறார்’.

ஐந்து மணிக்கு சிவதர்ஷனே போன் பண்ணினான்.

“அன்ரி, நான் தமிழில ஒரு வசனம் விட்டிட்டன். அதை அப்பிடியே மூடி விடுங்கோவன். பிளீஸ்.”

“என்ன சொன்னனீ எண்டு தெரியுமோ உனக்கு?”

“வீட்டில எல்லாரும் சொல்லுறதுதானே அன்ரி. நான் மனசில ஒண்டும் வச்சுச் சொல்லேல்ல.”

“ஓம். நானும் மனசில ஒண்டும் வச்சுச் சொல்லேல்ல எண்டுதான் பதினொரு வருசம் இருந்தனான்,” என்றாள் கமலேஸ்வரி. “தம்பி, ஆரோவின்ர மொழிக்கெல்லாம் அலைஞ்சு எழுதின எனக்கு, என்ர மொழி விளங்கேல்ல எண்டு நடிக்க ஏலாது. நான் எழுதத்தான் போறன். நீ மரினாவுக்கு முதலே சொல்லிப் போடு. நான் சொல்ல வேண்டிய ஆளுக்கு நான் சொல்லுறன்.”

புதன்கிழமை காலை, உருளைக்கிழங்கு வேகிற நேரம், கத்தரின் வழக்கம்போல இயர்போனுக்குக் கை நீட்டினாள். கமலேஸ்வரி அதைக் கழற்றிப் பையில் போட்டாள். பிரெஞ்சில், ஒரு சொல்லையும் மெழுகாமல் சொன்னாள். அந்தச் சொல் கெட்டிக்காரி இல்லை. எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்களைக் கீழாகச் சொல்வது. நான் பொய் சொன்னேன்.

கத்தரின் கரண்டியை வைத்தாள்.

“நான் என் வாயாலேயே அதைச் சொல்லித் திரிந்தேனே. நீ பக்கத்தில் நின்றாயே.”

“ஓம்.”

“உன் மகளின் பிறந்தநாளில், உன் சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சிரித்தார்கள். என்னைப் பிடித்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.”

கமலேஸ்வரி மன்னிப்புக் கேட்டாள், கத்தரின் தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் உப்பு, தட்டு, வழிவிடு என்ற மூன்று சொல்லுக்கு மேல் அவர்களுக்குள் பேச்சில்லை. பதினொரு வருடச் சிநேகத்தைத் தானே கொன்றுவிட்டதாக கமலேஸ்வரி பஸ்ஸில் அழுதாள். ஆனால் புதன் பின்னேரமே அந்த வரியை முழுசாக எழுதி, அந்தச் சொல் எத்தனை மோசம் என்பதையும் குறித்து, மரினாவுக்கு அனுப்பியிருந்தாள்.

அதற்குள் சிவதர்ஷனும் மரினாவிடம் சொல்லியிருந்தான், அவன் பெரிய மனுசன்தான். மரினா முதலில் கொதித்தாள். பிறகு பதிவைத் திருப்பிக் கேட்டாள். கடையைப் பற்றி நான் நான்கு தரம் கேட்டிருக்கிறேன், பாட்டைப் பற்றி இரண்டு தரம்தான் என்று அவளே எண்ணிச் சொன்னாள். எதையும் வெட்டவில்லை. வியாழக்கிழமை அவனைத் திரும்பக் கூப்பிட்டு, பதிவின் கடைசியில் சேர்க்கப் பத்து நிமிடம் நேருக்கு நேர் வைத்துப் பேசினாள். இரண்டு பேரும் தங்கள் பிழையிலிருந்து நழுவப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியானது. சனிக்கிழமைக்குள் நாலாயிரம் கருத்து. தமிழர் எல்லாருமே இனவாதிகள் என்று ஒரு பக்கம். மறுபக்கம் எங்கள் சொந்தங்கள். செவன் கிங்ஸில் இருக்கிற அருட்பிரகாசம் என்பவர் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்: “ஒரு தமிழ்ப் பிள்ளை முன்னுக்கு வர, ஒரு தமிழ்ப் பொம்பிளையே காட்டிக் குடுத்திட்டா. துரோகி.” போர்க்காலத்தில் உயிர் குடித்த ‘துரோகி’ என்ற சொல்லின் பாரம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கமலேஸ்வரி உடுப்பு மடிப்பதை விட்டுவிட்டு, அதையே திரும்பத் திரும்ப வாசித்தாள். மகள் கோசிகா, “அம்மா, போனைத் தாங்கோ, வாசிச்சது போதும்,” என்று கையை நீட்டினாள்.

கொடுக்கப் போன நேரம் அதற்குக் கீழே புதிதாக ஒன்று விழுந்தது. கத்தரின். ரசிகர் பக்கத்தில் இத்தனை வருடமும் வாசித்ததோடு சரி, ஒரு எழுத்தும் எழுதாதவள். உடைந்த இங்கிலீஷில், சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதியிருந்தாள்:

“அந்தச் சொல்லை நல்ல சொல் என்று நம்பிப் பதினொரு வருடம் சுமந்தவள் நான். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது எங்கள் இருவர் விஷயம். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை, அவள் மாட்டிக்கொள்ளவும் இல்லை. வேலை உடுப்போடு என் முன்னால் வந்து நின்று தானாகவே சொன்னாள். இங்கே கத்துகிறவர்களே, நீங்கள் உங்கள் வீட்டில் சொல்கிற சொல்லை, உங்களில் எத்தனை பேர் உரியவர் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டீர்கள்? அந்த வரியை எழுதியவள் என் சிநேகிதி.”

கமலேஸ்வரி அதை வாசித்தாள். பிறகு மகளைப் பக்கத்தில் இருத்தி, கடைசிச் சொல் வரை சத்தமாகத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லையும் விடவில்லை.