மாமி வீட்டு வடகம்

வெந்த மத்தி மீனை வெயிலில் காயவைத்தால் முதல் நாள் ஒரு வாசனை, மறுநாள் வேறொரு வாசனை. அந்த இரண்டாம் நாள் வாசனைதான் என் ஏழாம் வகுப்புச் சீருடையின் காலரிலும், பின்னலிலும், ஜெபமாலை வைத்திருந்த சின்னப் பையிலும் ஏறிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வரை வந்தது. அப்பாவின் பவுடர் டப்பாவை எடுத்து சட்டை முழுக்கத் தட்டிக்கொண்டு கிளம்புவேன். பவுடரும் மீனும் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு வாசனை வரும் என்பது எனக்குத் தெரியாது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்தது. அந்த வருடம் வகுப்பில் என் பெயர் "கருவாடு".

இன்று அம்மாவைத் தொழிலதிபர் என்கிறார்கள். பூனைத் தீனி செய்து விற்று வளர்ந்தவள் அவள். ஆனால் அந்தத் தொழில் தொடங்கிய காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பெருமை அல்ல, கூச்சம்தான்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், மாடவீதிக்குப் பின்னால் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அந்தக் கட்டடத்தில் மீன் சமைக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்போம். "நம்ம இருக்கிறதே அடுத்தவங்களுக்குத் தெரியக்கூடாது" என்பது அப்பாவின் வாக்கு.

எங்களுக்கு நேர் மேலே ஒரு மாமியும் அவர் கணவரும் இருந்தார்கள். அவர் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், கட்டடத்தின் சங்கத்துக்குச் செக்ரட்டரி. ஒரு மழைக்காலத்தில் அவர்கள் பால்கனியில் வந்து ஒதுங்கிய பூனைக்குட்டியை மாமி எடுத்து வளர்த்தார். பாலும் தயிர்சாதமும் வைத்துப் பார்த்தும் அது எலும்பும் தோலுமாகப் போயிற்று. மீனோ கறியோ கொடுத்தால்தான் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம், கணவர் தூங்குகிற நேரம் பார்த்து, மாமி பின்படி வழியாக இறங்கி எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ரெஜினா, நேக்கு வேற யார்ட்ட கேக்கறதுன்னு தெரியலை. ஆத்துல அந்த வாசனை வரப்படாது. அவருக்கும் தெரியப்படாது. அதுக்குச் சாப்பிட ஏதாவது பண்ணித் தர முடியுமா?"

"பாக்குறேன் மாமி" என்றாள் அம்மா.

மீன் தலைகளை வேகவைத்து, நொய்யோடு சேர்த்து அரைத்து, மெல்லியதாகத் தட்டி, மொட்டை மாடியில் காயவைத்து, பிறகு இரும்புச் சட்டியில் சிறு தீயில் ஈரமே இல்லாமல் வறுத்து எடுத்தாள். முதலில் சிலமுறை பூசணம் பிடித்துக் கெட்டது, சிலமுறை கருகியது. கடைசியில் புளியங்கொட்டை அளவில் மொறுமொறுவென்று ஒன்று வந்தது. இறுக்கமான டப்பாவில் போட்டு மூடிவிட்டால், மூக்கருகே கொண்டுபோனால்தான் அது மீன் என்றே தெரியும். பூனை தின்றது, தேறியது, அதன் ரோமம் பளபளத்தது. மாமி மீன் என்ற சொல்லை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "வடகம் ஆயிடுத்தா ரெஜினா?" என்று படியிலிருந்தே கேட்பார்.

பூனை வளர்க்கிற, மீன் வாங்காத வீடுகள் மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் அவ்வளவு இருக்கும் என்று அம்மா நினைத்திருக்கவில்லை. மாமி தன் சிநேகிதிகளிடம் சொல்ல, அவர்கள் வேறு சிலரிடம் சொல்ல, எல்லாரும் "வடகம்" கேட்டு போன் செய்தார்கள். அம்மா விடியற்காலையில் பஸ் ஏறி சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாள். "இன்னாக்கா, தெனம் தலையா வாங்கிக்கினு போற, வூட்ல எத்தினி பூனை கீது?" என்று மீன்காரர் கேட்பார். "எங்க வீட்ல ஒண்ணுகூட இல்லப்பா" என்பாள் அம்மா.

அந்த வீடுகளில் வராத நாற்றமெல்லாம் எங்கள் வீட்டில் இருந்தது. என் சீருடை காய்ந்ததும் அதே மாடியில்தான். தெருப்பூனைகள் என் பின்னாலேயே வர, நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். ஸ்கூல் வேறு திசையில் இருப்பதுபோல் சுற்றிக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள். பேசியது மாமியின் கணவர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு மாசமா மூக்கைப் பொத்திண்டு படி ஏறறோம். தப்பா எடுத்துக்காதீங்கோ, ஆனா இது குடித்தனம் பண்ற இடம். இதையெல்லாம் யார் வாங்கறா?"

அவருக்குப் பின்னால் மாமி தூணைப் பிடித்துக்கொண்டு, தன் கால் விரல்களையே பார்த்தபடி நின்றிருந்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

"வாங்குறவங்க வாங்குறாங்க சார். இனிமே இங்க பண்ணல" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா, நோக்கே சங்கடமா இல்லையா?"

நான் என்னை அறியாமல் தலையைக் குனிந்து என் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஏதும் இருந்ததாக இப்போது தோன்றவில்லை. ஆனாலும் அன்று நான் தலை நிமிரவே இல்லை.

இனிமேல் செய்யமாட்டோம் என்று சொல்லியும் வீட்டுக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சிந்தாதிரிப்பேட்டையில், மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மொட்டை மாடியோடு இரண்டு அறைகள் கிடைத்தன. அங்கே நாங்கள் என்ன காயவைக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் தொழில் வளர்ந்தது. அம்மா ஆள் வைத்தாள், மெஷின் வாங்கினாள், கடைகளுக்குப் போட்டாள்.

குடிபோன கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் ஆட்டோ ஒன்று சந்துக்குள் நுழையமுடியாமல் முனையில் நின்றது. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, மீன் தண்ணீர் ஓடிய தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மாமி வந்தார். கையில் காலி டப்பா.

"தீந்து போயிடுத்து" என்றார்.

அம்மா டப்பாவை வாங்கிக் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தாள். "ஆட்டோ வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று என்னிடம் சொன்னாள். நான் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மாவே கூடப் போனாள்.

இப்போது நகரத்துக்கு வெளியே எங்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. நான் அங்கேதான் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். அடையாறில் உள்ள கடைகளில் எங்கள் பாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. எங்கள் சர்ச் பங்கில் யாரைப் பார்த்தாலும் அம்மாவைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். மாமியும் இல்லை, அவர் கணவரும் இல்லை. மயிலாப்பூர்க் கட்டடத்தை இடித்து லிஃப்ட் வைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அந்த மாடியில் ஏசி எந்திரங்கள்தான் ஓடுகின்றன, யாரும் எதையும் காயவைப்பதில்லை. மாமி இறங்கி வந்த அந்தப் பின்படியே இப்போது கிடையாது.

போன மாதம் அந்த வழியாகக் காரில் போகும்போது, இத்தனை வருடமாகக் கேட்காததை அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு ஏம்மா மாமி பேரைச் சொல்லல? சொல்லிருந்தா நாம வீட்டைக் காலி பண்ண வேண்டியிருந்திருக்காதே."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிருந்தா அவரு அந்தப் பூனையக் கொண்டுபோய் எங்கயாவது விட்டிருப்பாருடி. அது வெளில இருந்து பழகாத பூனை."

அந்தக் கூட்டத்தில் யார் எங்கே நின்றார்கள், முதலில் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்த நேரம் மேல்வீட்டில் ஒரு பூனை இருந்தது என்பது மட்டும் ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.