காலா மீனுக்கு நான் பிசைந்த இரை

ரோலாவில் இரண்டு மளிகைக் கடை, அஜ்மானில் ஒரு கஃபட்டீரியா, ஊரில் மாடி வீடு, தங்கைகள் எல்லோருக்கும் கல்யாணம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விசா கொடுத்த கபீல் ஏமாற்றியபோதும், முதல் கடை தீப்பிடித்தபோதும், எவர் காலிலும் விழாமல் இவ்வளவையும் எழுப்பினேன். இந்த நினைவு மலரில் தம்பியைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ளவர் யார்? அவரை இந்த வளைகுடா நாட்டுக்கு அழைத்து வந்ததும் நான்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார் தம்பி. இங்கே வந்து ருவைஸில் சாரம் கட்டும் வேலையில் உடம்பைக் கரைத்தார். பிறகு என் கடையில் நின்றார். அதிர்ந்து பேசியதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே ஆசை தூண்டில். இங்கே கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று எழுதி வைக்கிறார்களே, நம் காலா மீன், அதற்காக அவர் செய்யும் இரை நாறும். ரூமில் இருந்தவர்கள் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். நான் போய் ஒரு வார்த்தை சொன்னேன், அடங்கினார்கள்.

சென்ற ஆண்டு, ஈரல் நோய் முற்றிவிட்டது, ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார் டாக்டர். டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்புமுன் தன் கையால் ஒரு காலா பிடிக்க வேண்டும் என்று மட்டும் தம்பி கேட்டார். இரை பிசைய அவர் கையில் வலுவில்லை. நான் பிசைந்தேன்.

இறால் தலைகளை உப்பில் பிசிறி மாடியில் காயவைத்திருந்தேன். அதில் ஒரு பாதியை நசுக்கி, நனைத்த குபூஸ் ரொட்டி, சுட்ட பூண்டு, பெருங்காயம் சேர்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை, குளித்து அத்தர் பூசியிருந்தேன். கட்டிலில் கிடந்த தம்பி மோப்பம் பிடித்துவிட்டார்.

“அண்ணே, அத்தர்க் கையா? காலா என்ன, உங்க கடைத் திறப்பு விழாவுக்கா வருது?”

“நல்ல வாசனைதானடா?”

“நமக்கு வாசனை. அது கிட்டயே வராது. கலாஸ், இது முடிஞ்சுது, தூக்கிப் போட்டுட்டு வேற பிசைங்க. மண்ணு போட்டுக் கையைத் தேய்ங்க. சோப்பு மாஃபி, கூடவே கூடாது!”

ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. பூந்தொட்டி மண்ணால் கையைத் தேய்த்துவிட்டு, மிச்சமிருந்த இறாலில் மறுபடி பிசைந்தேன். தண்ணீரில் கரையாமலிருக்கப் பருத்தி நூல் சுற்றிக் காட்டினேன். முகர்ந்து பார்த்து, “ம்” என்றார்.

அஜ்மான் கடலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை.

“போவோமாடா?”

“இருங்கண்ணே.”

பொழுது சாய்கையில் தூண்டில் நரம்பு இழுத்தது. நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மீனை அவர்தான் இழுத்தார்.

குழம்பு வைத்தேன். ஒரு துண்டை வாயில் வைத்தார், விழுங்க முடியவில்லை. “நீங்க சாப்பிடுங்கண்ணே” என்று தட்டை நகர்த்தினார். அவர் பார்த்துக்கொண்டிருக்க முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

ஊர் சேர்ந்த சில நாட்களில் தம்பி அடங்கிவிட்டார். சக்கர நாற்காலி தள்ளிய ரூம் நண்பர்களுக்கும், விமானத்தில் அவர் கையைப் பிடித்தபடி வந்த பக்கத்து ஊர்ப் பையனுக்கும், தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த மலருக்காகத் தம்பி மகன் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். மீனோடு தம்பி இருக்கும் படத்துக்குக் கீழே, ‘அப்பா தாமே இரை செய்து பிடித்த கடைசி மீன்’ என்றிருக்கிறது. பிடித்தது தம்பி. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். இரை என்னுடையது. அவருக்கு நான் செய்த மற்றதெல்லாம் அவர் கேட்காமல் செய்தவை. அவர் வாய்விட்டுக் கேட்டு, நான் செய்து, அவர் சரியென்றது அது ஒன்றுதான். ஆகவே படத்தின் கீழ், ‘இரை பிசைந்தவர் அண்ணன்’ என்று போட வேண்டும். போடாமல் இந்த மலர் அச்சுக்குப் போகக் கூடாது.