சனிக்கிழமைப் பரீட்சையும் என் ஸ்பெஷல் சீட்டும்

பரீட்சை நடத்துகிற ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு: எழுதப் போவது யாரோ, தூக்கம் கெடுவது நமக்கு. உங்களில் யாராவது கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் "ரூல்ஸில் இடமில்லை" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியிருந்தால், இந்த வியாதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்தில் தொண்ணூறுகளின் கடைசியில், அரசாங்கக் குமாஸ்தா வேலைக்கான தேர்வு ஒன்றை நடத்திய கதை இது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன். ஆபீஸில் பேச்சு முழுக்க மலையாளம். இங்கே தமிழில் சொல்கிறேன். இடையில் ஒரு மலையாள வார்த்தை நழுவி வந்தால், இந்த ஊர்க் கரமனையில் பிறந்தவள் என்று மன்னித்துவிடுங்கள்.

என் சீட்டு

எங்கள் ஆபீஸில் மேஜைக்குப் பெயர் சீட்டு. எனக்குக் கொடுத்தது 'ஸ்பெஷல் அபேட்சை' சீட்டு; அபேட்சை என்றால் மலையாளத்தில் மனு. கண் தெரியாதவர், கை இல்லாதவர், காது கேட்காதவர், விரதம் இருப்பவர் என்று யார் எந்த வசதி கேட்டு மனு போட்டாலும் என் மேஜைக்கு வரும். நான் குறிப்பு எழுதி, செக்‌ஷன் ஆபீசர் சுமதி மேடத்திடம் கொடுப்பேன். அவர் கையெழுத்துப் போட்டு கன்ட்ரோலருக்கு அனுப்புவார். கன்ட்ரோலர் "விளக்கம் தேவை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். விளக்கம் சொல்ல வேண்டியவள் மறுபடியும் நான்.

என்னை ஏன் இதில் உட்கார்த்தினீர்கள் என்று சுமதி மேடத்திடம் முதல் நாளே கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "லலிதா, மற்றவர்களெல்லாம் முடியாது என்று சொன்னால் ஜனம் சண்டைக்கு வருகிறது. நீ சொன்னால் அழுதுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆபீஸுக்கு அதுதான் நல்லது."

இடது கை

முதலில் வந்தவர் ஷாஜி. ஆட்டோ ஓட்டுபவர். மாமியார் வீட்டுப் பலா மரத்தில் ஏறி விழுந்து, வலது கையில் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். விதிப்படி நிரந்தர ஊனம் இருப்பவருக்குத்தான் எழுத ஆள் தரலாம். இவர் கை கொஞ்ச நாளில் சரியாகிவிடும். அதனால் அவருக்கு ஊனம் கிடையாது. ஊனம் இல்லாததால் ஆள் கிடையாது. கை அசையாததால் எழுதவும் வழி கிடையாது. இதை நான் அவரிடம் விளக்கியபோது, எனக்கே நான் பேசுவது புரியவில்லை.

சுமதி மேடம் கன்ட்ரோலரிடம் போய்ப் பேசினார். அதற்குக் கன்ட்ரோலர், கட்டு நிஜக் கட்டுதானா என்று கேட்டாராம். நான் வராந்தாவுக்குப் போய், ஷாஜியின் கையைக் கதவைத் தட்டுவது மாதிரித் தட்டிப் பார்த்துவிட்டு வந்து 'நிஜம்' என்று எழுதினேன். அப்புறம் இரண்டு தரம் விளக்கம், ஒரு டாக்டர் சர்டிபிகேட், அதன் மேல் இன்னொரு விளக்கம். பரீட்சைக்கு முந்தின வாரம் அனுமதி வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். ஷாஜி எழுந்து நின்று, இடது கையால் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தாள் முழுக்க வட்டங்கள், ஒன்றுகூட வெளியே பிசிறாமல் கறுப்பாக்கியவை. பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "சேச்சி ஒன்றும் நினைக்கக்கூடாது. அனுமதி வருவதற்குள் இடது கை பழகிப் போச்சு."

தமிழ் தெரிந்த, பத்தாவது தேறாத ஆள்

முருகேசன் பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்தவன். பிறவியிலேயே பார்வை இல்லை. அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அவன் பார்வையில்லாதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துப் பத்தாவது தேறியவன். மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து, அக்காவின் தோளைப் பிடித்தபடி என் முன்னால் நின்றான். "மேடம், மலையாளம் நல்லாப் பேசுவேன். ஆனா கணக்கு எனக்குத் தமிழ்லதான் ஓடும். கேள்வியைத் தமிழ்ல வாசிக்கிற ஆள் வேணும்" என்றான். தமிழ் வினாத்தாள் உண்டு. வாசிக்க ஆள்தான் இல்லை. இப்படி வாசித்து எழுதிக் கொடுப்பவர் பத்தாவது தேறியிருக்கக்கூடாது என்பது விதி. ஆபீஸ் லிஸ்டில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் மலையாளம் மட்டும்தான் படிக்கத் தெரியும். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் நான் பட்டதாரி. வாழ்க்கையில் முதல் தடவையாக, படித்துத் தொலைத்தோமே என்று வருத்தப்பட்டேன்.

எங்கள் கரமனை அக்ரஹாரத்தில் வீடு வீடாகக் கேட்டேன். தமிழ் பேசுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் மலையாளம் மீடியம் அல்லது இங்கிலீஷ் மீடியம். என் வீட்டுக்காரர், "ஊரெல்லாம் தமிழ் பேசறது, வாசிக்க ஒரு நாதியில்லையே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று எழுதி, அந்தப் பையனை அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டியவள் நான்தானே.

மறுநாள் மத்தியானம் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். வடை போடுவது அவர் மனைவி செல்வி. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளைக் கிழித்து வைத்திருந்தாள். அதில் வடையை மடிக்காமல், வடை கருகுவதுகூடத் தெரியாமல், ஒரு தொடர்கதையின் பாதியைப் படித்துக்கொண்டிருந்தாள். "செல்வி, எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டேன். எட்டு என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னக்கா சொல்லுதிய? எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை தோத்தவள கவர்மென்ட் பரீட்சைக்குக் கூப்பிடுதியளே, எங்க வாத்தியார் கேட்டா மயக்கம் போட்டுல்லா விழுவாரு!"

சாமி இருந்த நாற்காலி

பரீட்சை ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்பெஷல் ஆட்கள் எல்லாரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் போட்டு, பார்த்துக்கொள் என்று என்னையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் தங்கப்பன் சார்தான் அந்த சென்டருக்குப் பொறுப்பு. மணியடிக்கப் போகும் நேரத்தில் கேட்டில் சத்தம். கறுப்பு வேட்டி, மாலை, தலையில் இருமுடிக் கட்டோடு ஒருவர். காலையில் கோவிலில் கட்டு நிறைத்தாயிற்று, சாயங்காலம் சபரிமலைக்கு பஸ், நடுவில் பரீட்சை. கட்டைத் தரையில் வைக்க மாட்டார். பொட்டலம் எதுவும் ஹாலுக்குள் போகக்கூடாது என்று போலீஸ்காரர் விடமாட்டார். என் சீட்டுக்கு இப்படி ஒரு மனு வந்ததே இல்லை.

தங்கப்பன் சார் கேட்டுக்கு வந்து பார்த்தார். தன் அறைக்குப் போய், தன் நாற்காலியைத் துடைத்து, அதன் மேல் புதுத் துண்டு ஒன்றை விரித்து, "சாமி, இங்கே வைத்துவிட்டுப் போய் எழுதுங்கள்" என்றார். பரீட்சை முடியும்வரை அந்த அறையில் அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். வினாத்தாள் கணக்கு, கையெழுத்து எல்லாம் நின்றபடியே. மனசு கேட்காமல் நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் அதைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஐயப்பன் இருக்கும்போது நான் உட்காருவது மரியாதை இல்லை, லலிதா. முட்டி வலிக்கிறது என்பது வேறு விஷயம்."

டிக் போட்டு ஓடு மேய்ந்த கணக்கு

முருகேசனுக்கும் செல்விக்கும் தரைத்தளத்தில் தனி அறை. மேற்பார்வைக்கு வந்த டீச்சருக்குத் தமிழ் தெரியாது. செல்வி வாய் திறக்கும்போதெல்லாம், விடையைச் சொல்லிக் கொடுக்கிறாளோ என்று டீச்சர் என்னைப் பார்ப்பார். இல்லை என்று நான் தலையாட்டுவேன். செல்வி கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வியர்வையில் அது முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் கேள்வியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அடுத்ததை அவசரத்தில் பாதி விழுங்கினாள். முருகேசன் மேஜை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, மெதுவா வாசிங்க, கூடுதல் நேரம் இருக்கு" என்றான். தைரியம் சொல்ல வேண்டியவள் அவள். சொன்னது அவன்.

பாதியில் நின்றுவிட்டாள். "தம்பி, இங்க எழுத்து இல்ல, ஒரு படம் கெடக்கு. டிக் போட்டு அதுமேல ஓடு மேய்ஞ்ச மாதிரி. ஓட்டுக்குக் கீழ நூத்தி நாப்பத்து நாலு." அது வர்க்கமூலம் என்று நான் சொன்னால் விதிமீறல், சொல்லாவிட்டால் பையனுக்கு ஒரு மார்க் போச்சு. முருகேசன் சிரித்துவிட்டான். "வர்க்கமூலம் அக்கா. பன்னெண்டு. அது எந்த வட்டத்துல இருக்குன்னு பாருங்க." அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. சீக்கிரம் சீக்கிரமாக வாசித்தாள். கூடுதல் நேரம் முழுவதும் வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் முருகேசனின் அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வி முகத்தைத் துடைத்தபடி அவளிடம் சொன்னாள்: "உங்க தம்பி நான் வாசிச்சு முடிக்கதுக்குள்ள விடையச் சொல்லுதாரு தாயி. படிச்சவரு அவரு, களைச்சது நானு!"

மேகத்துக்குப் பின்னால்

எல்லாரும் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் வேலை முடியவில்லை. எஸ்தர் என்ற பெண் அதுவரை எழுதவே தொடங்கவில்லை. அவள் சேர்ந்த கிறிஸ்தவ சபையில் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும்வரை ஓய்வுநாள், வேலை எதுவும் செய்யமாட்டார்கள். பரீட்சைகளோ எப்போதும் சனிக்கிழமை. அதனால் அவள் ஒன்றுகூட எழுதியதில்லை. அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. சூரியன் மறைந்தபின் எழுதலாம், ஆனால் மற்றவர்கள் உள்ளே போகும்போதே அவளும் உள்ளே வந்துவிட வேண்டும், அதுவரை யாருடனும் பேசக்கூடாது என்று கன்ட்ரோலர் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். மத்தியானம் முழுக்க ஒரு டீச்சர் காவல் இருந்தார். முருகேசன் வேலை முடிந்ததும் நான் போய் உட்கார்ந்தேன். செல்வி வாசித்த கேள்விகள் அத்தனையும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று வெளியே விழுந்துவிடுமோ என்று, அந்தப் பெண் தண்ணீர் கேட்டதற்குக்கூடச் சைகையில் பதில் சொன்னேன்.

சாயங்காலம் மேகம் மூடி நன்றாக இருட்டிவிட்டது. இருமுடியும் போய்த் தன் நாற்காலியில் உட்கார வாய்த்த தங்கப்பன் சார், வீட்டுக்குப் போகும் ஆசையில் எட்டிப் பார்த்தார். "இருட்டியாச்சே மோளே, தொடங்கலாமே?" எஸ்தர் எழுந்து நின்று, "சார், மேகத்துக்குப் பின்னால் அது இன்னும் இருக்கிறது" என்றாள். அவர் வாட்சைப் பார்த்தபடி மறுபடியும் தன் நாற்காலிக்குப் போனார். அன்றைய செய்தித்தாளில் போட்டிருந்த அஸ்தமன நேரம் வந்ததும் வினாத்தாள் உறையைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தாள். பேனாவை எடுத்துக் கொஞ்ச நேரம்தான் எழுதியிருப்பாள், கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் லோட்ஷெடிங் இருந்ததை நாங்கள் யாருமே நினைக்கவில்லை.

இருட்டில் அந்தப் பெண் விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை வருஷம் காத்திருந்து வந்த பரீட்சை! "எழுதாதே, பேனாவைக் கீழே வை. வெளிச்சம் இல்லாத நேரம் கணக்கில் சேராது" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. என் வாய்தான் சொன்னது. ஆபீஸுக்குப் போன் போட்டேன். சுமதி மேடம் எனக்காக அங்கேயே காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு, "சொன்னது சொன்னதுதான், குறிப்பு நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார். போலீஸ்காரர் டார்ச்சைக் கொண்டுவந்தார். தங்கப்பன் சார் லாபரட்டரியிலிருந்து மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்து மேஜை முழுக்க ஏற்றிவைத்தார். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். கரண்ட் வந்தபோதுகூட அவள் நிமிரவில்லை. எழுதி முடித்துத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக நன்றாகச் சிரித்தாள்: "சூரியன் போவதற்குக் காத்திருந்தேன் சேச்சி. கரண்டும் கூடப் போகும் என்று யாரும் சொல்லவில்லையே!"

பட்டியல் வந்த பிறகு

பட்டியல் வந்தபோது என் சீட்டில் உட்கார்ந்து பெயர்களைத் தேடினேன். ஷாஜியின் பெயர் இல்லை. அவருக்கு அதில் பெரிய துக்கம் இல்லை, இரண்டு கையாலும் ஆட்டோ ஓட்டுவதாகச் சொன்னார். முருகேசன் பெயர் இருந்தது. எஸ்தர் பெயரும் இருந்தது. நான் எழுந்து போய் சுமதி மேடத்தின் மேஜையில் பட்டியலை வைத்து, விரலால் காட்டினேன். அவர் உடனே செல்வி கடையிலிருந்து எல்லாருக்கும் வடை வாங்கிவரச் சொன்னார்.

எஸ்தருக்கு ஒரு தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன்னால் இனிப்போடு என்னைப் பார்க்க வந்தாள். இனிமேல் இந்தப் பெண்ணைப் பற்றிக் கவலையில்லை என்று நான் மனசு நிறைந்து லட்டுவைக் கையில் எடுத்தேன். அவள் குனிந்து, ரகசியம் மாதிரிக் கேட்டாள்: "சேச்சி, அங்கே சனிக்கிழமையும் வேலை உண்டாம். அதற்கு அபேட்சையை யாரிடம் கொடுக்க வேண்டும்?"

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் விதிப்படி வந்து, விதிப்படி எழுதி, விதிப்படி வீட்டுக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.