நெற்றிப்பொட்டில் நின்ற பிரம்பு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை எனக்கு. சொந்த ஊர் நாகர்கோவில். ஸ்ரீவராகத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் தங்கியிருந்தேன்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஹாஸ்டல் வாசல் வரை ஒருவன் பின்னாலேயே வரத் தொடங்கியிருந்தான். பேசமாட்டான். நான் நின்றால் அவனும் நிற்பான். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டு, அப்பாவிடம் போனில் சொன்னேன். "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டியப் பிடிச்சு வந்துரு மக்களே" என்றார். போனால் அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்ப்பார்கள். எனக்கோ அந்த வேலை உயிர். ஊருக்குப் போகக்கூடாது என்றால் பயம் போக வேண்டும், அதற்குச் சண்டை கற்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

சேலை எடுக்கப் போனாலே நாலு கடை ஏறி இறங்குகிற ஆள் நான். டைரியில் கட்டம் போட்டேன்: எத்தனை மாணவர்கள், எத்தனை கோப்பைகள், எத்தனை மாதத்தில் ஒருவனை அடித்து வீழ்த்தலாம். முதலில் பார்த்த கராத்தே வகுப்பில் மாஸ்டர் கையால் கூரை ஓடுகளை உடைத்துக் காட்டி, மூன்று மாதம் போதும் என்றார். அலமாரி நிறையக் கோப்பைகள். அங்கேயே பெயர் கொடுத்திருப்பேன். எதற்கும் இன்னொன்றைப் பார்க்கலாமே என்றுதான் சனிக்கிழமை காலை, கேரளத்துப் பழைய சண்டைக்கலை சொல்லித்தரும் ஒரு களரிக்குப் போனேன்.

தரையைப் பள்ளமாகத் தோண்டி, மேலே ஓலை வேய்ந்திருந்தார்கள். நாலு படி இறங்க வேண்டும். செம்மண் தரை, எண்ணெய் வாசனை. என் வயதுப் பெண் ஒருத்தி ஆளுயரப் பிரம்பைச் சுழற்ற, எதிரே நடுவயதுக்காரர் ஒருவர் தடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் அங்கே ஆசிரியை என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே வருபவர்கள் வலது கால் வைத்து இறங்கி, தரையைத் தொட்டு வணங்கி, ஓரமாக நிற்க வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? எதிர்மூலையில் கொலுப்படி மாதிரி ஏழு படிகள் தெரிந்தன. கோப்பைகளை அதில்தான் அடுக்கியிருப்பார்கள், எண்ணிவிடலாம் என்று டைரியும் கையுமாக நேரே குறுக்கே நடந்தேன்.

விர்ரென்று ஒரு சத்தம். நெற்றிப்பொட்டில் காற்று அடித்து, முடி பறந்து முகத்தில் விழுந்தது. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். ஒரு விரற்கடை தூரத்தில் பிரம்பு ஆடாமல் அசையாமல் நின்றது. வந்த வேகத்துக்கு என் மண்டை சிதறியிருக்க வேண்டும்.

"பயப்படண்டா சேச்சி. ஒண்ணும் படலல்லோ?" என்றாள். அவள் உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அத்தனை வேகத்தையும் ஒரு நொடியில் தன் கைக்குள்ளேயே வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அந்த ஏழு படிக்கு முன்னால் போய்க் குனிந்து வணங்கிவிட்டு வந்து, "தப்பு என்னோடதாக்கும். ஆள் எறங்கி வந்தத நான் கண்டிருக்கணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ்ஸில் நம் காலை மிதித்தவனே நம்மை முறைக்கிற உலகத்தில், என் உயிரை எடுத்திருக்கக்கூடிய கை என்னிடம் மன்னிப்புக் கேட்டது. அழுகை வந்துவிட்டது எனக்கு. படிகளைப் பார்த்தேன். ஒரு கோப்பைகூட இல்லை. கொஞ்சம் பூவும் ஒரு விளக்கும்தான்.

அப்போதும் என் டைரிப் புத்தி விடவில்லை. எத்தனை மாதத்தில் அடிக்கலாம் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"அடிக்கிறது சட்டுனு படிச்சிரலாம் சேச்சி. இப்ப நிறுத்தினேனே, இதுக்கு எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு."

அன்றே சேர்ந்தேன். ஊருக்கு வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு மாலை, பின்னால் வந்தவன் பக்கம் திரும்பி நின்று, "என்ன வேணும்?" என்று சத்தமாகக் கேட்டேன். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சாலையைக் கடந்து போனவன், அதற்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. நாலு வருடம் கற்றும் இதுவரை நான் யாரையும் அடித்ததில்லை.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். ஆத்திரத்தில் கை ஓங்குகிற நாட்கள் இல்லாமல் இல்லை. அப்போதெல்லாம் நெற்றிப்பொட்டில் அந்தக் காற்று வந்து அடிக்கிறது, ஓங்கிய கை பாதியிலேயே நின்றுவிடுகிறது.