நான் தூக்கிய சிவப்புக் கொடி

ஆறு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாள், ராஜபாளையத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது இது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. அன்று மாணவிகளுக்கான மாவட்டத் தடகளப் போட்டி. நீளம் தாண்டுதலில் கொடி காட்டும் வேலையை முதல் முறையாக எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஓடி வரும் பெண் தரையில் பதித்த வெள்ளைப் பலகையில் கால் ஊன்றி எழும்ப வேண்டும். பலகையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் பட்டால்கூட அந்தக் குதிப்பு செல்லாது, சிவப்புக் கொடி. படாவிட்டால் வெள்ளை. தடம் விழுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக விளிம்பை ஒட்டி ஈர மண்ணை மெழுகி வைத்திருப்போம். ஒவ்வொரு குதிப்புக்கும் பிறகு தடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பெண்ணுக்காக அதைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

எங்கள் பக்கம் அதுவரை அந்த இடத்தில் ஆண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையிலேயே ஒரு மூத்த ஆசிரியர், "டீச்சருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுல்ல?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் ஒரு தப்புகூட வந்துவிடக் கூடாது என்று அந்த நிமிடமே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

மம்சாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பதினாறு வயது இருக்கும். கூட வாத்தியாரோ வீட்டு ஆட்களோ யாரும் இல்லை. அவள் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்ததுமே மற்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் முதல் இரண்டு குதிப்பிலும் ஈர மண்ணில் அவள் பெருவிரல் தெளிவாகப் பதிந்திருந்தது. இரண்டு முறையும் சிவப்புக் கொடி தூக்கினேன். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

மூன்றாவது, கடைசி வாய்ப்பு. மாநிலப் போட்டிக்கு இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். அவள் ஓடத் தொடங்கினாள். மேற்கே மலைப்பக்கமிருந்து ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. கண்ணில் மண் விழுந்து, மூடித் திறந்தேன். அவ்வளவுதான். திறந்தபோது அவள் காற்றில் இருந்தாள்.

அன்று யாரும் எட்டாத தூரத்தில் போய் விழுந்தாள். மைதானமே கத்தியது. பிறகு எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஈர மண்ணைப் பார்க்கப் போனேன். அதற்குள் என் இடது கை, காலையிலிருந்து பழகிய பழக்கத்தில், அதை ஒரு இழுப்பில் தேய்த்துவிட்டிருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

சந்தேகம் என்றால் மறுபடி குதிக்கச் சொல்ல வழி இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அதற்கு, "நான் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்த மூத்த ஆசிரியர் அளவு நாடாவோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். இரண்டு தடவை பலகையைத் தாண்டியவள்தானே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிவப்பைத் தூக்கினேன்.

அந்தப் பெண் மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எம்புட்டு தாண்டியிருந்துச்சு?"

"ஒரு விரக்கடை இருக்கும்மா."

"நல்லாப் பாத்தீகளா டீச்சர்? இந்தத் தடவ எனக்குக் கால் பலகையில சரியா விழுந்த மாதிரி இருந்துச்சு."

"பாத்தேம்மா. தாண்டிருச்சு."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு அவளைப் பற்றிய செய்தி எங்கே வந்தாலும் என் கண் அங்கேதான் போகும். அடுத்த வருடமும் அவள் தேர்வாகவில்லை. அதற்கடுத்த வருடம் மாநிலத்தில் ஜெயித்தாள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது, வேலை கிடைத்தது, கடைசியில் இந்திய அணியிலேயே சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு செய்தியைப் படிக்கும்போதும், 'பார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை' என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு வெளிநாட்டில் நடந்த ஒரு சர்வதேசத் தடகளப் போட்டியில், பெண்கள் நீளம் தாண்டுதல் இறுதிச் சுற்றுக்கு அவள் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரலை. வீட்டிலேயே பார்த்திருக்கலாம். ஏனோ மம்சாபுரத்துக்கு மினிபஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய், கடை வாசலில் பெரிய டிவியைத் தூக்கி வைத்து, தன் போனிலிருந்து அதில் படம் வரவைத்திருந்தார். ஐம்பது, அறுபது பேர் கூடியிருந்தார்கள். நான் உடற்பயிற்சி ஆசிரியை என்று தெரிந்ததும், "டீச்சர், நீங்க முன்னால வாங்க. அவுக அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது, பக்கத்துல இருந்து சொல்லுங்க" என்று நாற்காலி போட்டார். அவளுடைய அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் குதித்து அவர் நேரில் பார்த்ததே இல்லையாம்.

பன்னிரண்டு பேர். ஆளுக்கு மூன்று குதிப்பு. அதில் முதல் எட்டு இடத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும்தான் மேலும் மூன்று. இதை நான் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முதல் குதிப்பைக் குதித்தாள். சிவப்புக் கொடி.

"செவப்புன்னா என்ன டீச்சர்?"

"பலகையத் தாண்டிட்டாம்மா. இன்னும் ரெண்டு இருக்கு, பயப்படாதீங்க."

இரண்டாவது குதிப்பு. மறுபடியும் சிவப்பு. மற்ற நாட்டுப் பெண்கள் வரிசையாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மூன்றாவது முறை வர இன்னும் ஐந்தாறு நிமிடம் இருந்தது. அப்போதுதான் அந்த அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"இவளுக்கு ராஜபாளையத்துலயும் ஒருக்கா இப்படித்தான் ஆச்சு டீச்சர். மூணும் செவப்பு. கடைசிய மட்டும் நான் தாண்டலம்மா, தாண்டலம்மான்னு வந்து அழுதா. பொறவு அவளே, டீச்சரு பாத்தேன்னு சொன்னாக, அவுக எதுக்குப் பொய் சொல்லப் போறாக, என் காலுதான் சரியில்லன்னு சொல்லிட்டா. அதுலருந்து ஓட ஆரம்பிக்கிற எடத்தையே பின்னால தள்ளி வச்சுக்கிட்டா. பலகைக்கு ஒரு சாண் முன்னாலயே கால ஊண்டுவா. ஒரு வருசம் அப்படியே பழகிட்டா. வேற ஒரு சார் வந்து, எதுக்கும்மா இம்புட்டுத் தூரத்தச் சும்மா விடுதன்னு கேட்ட பொறவுதான் மாத்துனா."

நீளம் தாண்டுதலில் அளவு பலகையின் விளிம்பிலிருந்துதான். ஒரு சாண் முன்னால் எழும்பினால் அந்த ஒரு சாண் கணக்கிலேயே வராது. அடுத்த வருடம் அவள் தேர்வாகாமல் போனது எவ்வளவு தூரத்தில் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாணில் பாதிகூட இல்லை. ஒரு குதிப்பைத்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்குத் தன் கால் மேலிருந்த நம்பிக்கையையே கெடுத்திருக்கிறேன்.

"வாரா டீச்சர்" என்றார் அந்த அம்மா.

மூன்றாவது முறை. திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பலகையையே பார்த்தாள். இதுவும் சிவப்பென்றால் வெளியே. இப்போது அவள் பயந்துபோய் ஒரு சாண் முன்னால் கால் வைத்தாலும் வெளியேதான்; எட்டாவது இடத்துக்கான தூரம் அப்படி இருந்தது. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஓடினாள். குதித்தாள். விழுந்ததும் எழுந்து கொடியைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

கொடி வரவில்லை. அங்கே கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, கேமராப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். நடுவர் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஷூவின் நுனியும் பலகை விளிம்பும் டிவியில் வந்தன. இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இதற்குள் பாயின் போனில் யாரோ கூப்பிட, படம் அப்படியே நின்றது. "கட் பண்ணுங்க பாய்" என்று நாலைந்து பேர் பதறினார்கள். படம் திரும்ப வந்தபோது நடுவரின் கை மேலே இருந்தது. வெள்ளை.

கூட்டம் எழுந்து குதித்தது. அந்த அம்மா மட்டும், "வெள்ளதான டீச்சர்? வெள்ளன்னா நல்லதுதான?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் தலையாட்டத்தான் முடிந்தது.

ஆறாவது இடத்தோடு மேலே போனாள். கடைசிக் குதிப்பில் இன்னும் கொஞ்சம் முன்னேறி நான்காவதாக முடித்தாள். பதக்கம் இல்லை. ஆனாலும் பாய் கடையிலிருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு, என் கையைப் பிடித்தபடியே வந்த அந்த அம்மாவைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, "அன்னிக்கு ராஜபாளையத்துல கொடி காட்டுனது நான்தாம்மா" என்றேன். புழுதி, மண்ணைத் தேய்த்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டார். "இத என்கிட்டச் சொல்லி என்ன டீச்சர் செய்ய? அவகிட்டச் சொல்லுங்க. அடுத்த வாரம் வருவா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போகாமல் இருந்துவிடலாமா என்று அந்த ஒரு வாரமும் யோசித்தேன். போனேன். ஒரு அறை உள்ள வீடு. வாழ்த்த வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன சால்வைகள் கட்டிலில் கிடந்தன. என்னைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க டீச்சர்" என்று எழுந்து நின்றாள். அம்மா அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவள் கட்டிலில் கிடந்த சால்வை ஒன்றை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நான் தாண்டலையா டீச்சர்?"

"தெரியலம்மா. நான் பாக்கல. அதான் உண்மை."

"தெரியலன்னு அன்னிக்கே சொல்லிருக்கலாமே டீச்சர். நான் இன்னொருக்கா குதிச்சிருப்பேனே."

அதில் கோபம் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, "உக்காருங்க டீச்சர், காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன். பஸ் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள்.

மாவட்டப் போட்டிகளில் இப்போதும் அதே இடத்தில் எனக்கு வேலை கொடுக்கிறார்கள். போன முறை பலகைக்கு முன்னால் ஒரு பெண் தடுமாறியதில் அவள் கால் ஊன்றிய இடம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டு கொடியையும் கீழே வைத்துவிட்டு, "நான் பாக்கல, திரும்பக் குதிம்மா" என்றேன். "இதுக்கா இவங்கள உக்கார வச்சிருக்கு" என்று பின்னால் யாரோ சத்தமாகவே சொன்னார்கள். முகம் சுட்டது. அந்த முணுமுணுப்பு இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அன்று இப்படி ஒரு இரண்டு நிமிட வெட்கத்துக்குப் பயந்து ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டேனே என்பது மட்டும் எனக்குள் இன்னும் அடங்கவில்லை.