இடி அண்ணன் ஒப்பிட்ட மூன்று லேப்டாப்புகள்

அந்த லேப்டாப் கடையில் எப்போதும் இறக்கியே கிடக்கும் பக்கத்து இரும்பு ஷட்டரில், ஆள் தலை உயரத்துக்கு ஒரு குழி உண்டு. "பெட்டியில போட்டிருக்கிற வேகம்தான் சார் உண்மையான வேகம்" என்று மொத்த வியாபாரி ஒருவர் வாதாடப்போக, இடி அண்ணன் தூக்கி எறிந்த பிரிண்டர் அவர் காதை உரசிக்கொண்டு போய் மோதிய இடம் அது. வியாபாரி பிழைத்தார். பிரிண்டர் பிழைக்கவில்லை.

இடி என்பது கடையில் வைத்த பெயர். முகத்துக்கு நேரே இடி அண்ணன். முதுகுக்குப் பின்னால் வெறும் இடி. புதிதாக வந்து இறங்கும் லேப்டாப்புகளைச் சோதித்து, எதை வாங்கி அடுக்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வது அவர் வேலை. அதில் மனிதரை அசைக்க முடியாது. அதனால்தான் முதலாளி இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

மெல்லிய லேப்டாப் என்றாலே அவருக்கு ஒரு சந்தேகம். உசத்தியும் இல்லாமல் மட்டமும் இல்லாமல் நடுத்தரமாக ஒரு பிராசஸரை எடுத்து, விரல் தடிமனுள்ள தகட்டுக்குள் திணித்து, புயல் வேகம் என்று பெட்டி மேல் அச்சடித்து அனுப்பிவிடுகிறார்கள். முதல் கொஞ்ச நேரம் புயல்தான். பிறகு உள்ளே சூடேறும். சூடேறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்ற கடைகளில் அந்த முதல் கொஞ்ச நேரத்தைக் காட்டியே தலையில் கட்டிவிடுவார்கள். இடி அண்ணன் அப்படி விடமாட்டார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஒரே நீளமான வீடியோவை எல்லா லேப்டாப்பிலும் வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்து, ஒவ்வொன்றாகத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேன்ட்டைத் தாண்டித் தொடை சுட்டாலும் எடுக்கமாட்டார்.

"ஆரம்பத்துல எல்லாரும் நல்லவன்தான். சூடானதுக்கு அப்புறம் எப்படி நடந்துக்கிறான்? அதைத்தான் பார்க்கணும்" என்பார். இதைச் சொல்லும்போது தன் நினைப்பு அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்?

இதற்கு முன் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்தார். கூட வேலை பார்த்தவன் கேட்காமல் அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். தாடை உடைந்து, பாவம், பல நாள் ஸ்ட்ராவில்தான் சாப்பிட்டான். அதற்கும் முன்னால், மீசை அரும்பிய வயதில், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்த தன் அப்பாவையே சுவரோடு சாய்த்து மூக்கை உடைத்தார். "அன்னிக்கோட அடி நின்னு போச்சு" என்று அதை இன்றும் பெருமையாகச் சொல்வார். எங்கே நின்றது? கல்யாணமான புதிதில் சட்டையைச் சரியாக இஸ்திரி போடவில்லை என்று மனைவிக்கு ஓர் அறை விட்டார்; அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு இடது காது மந்தம். அந்தக் காதுப் பக்கமே நின்று கூப்பிட்டுவிட்டு, காதில் விழவில்லையா என்று அதற்கும் கத்துவார்.

ஒரே மகள். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் படிப்பு. அவள் அறை மாடியில். அவளிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். பெரிய படத்தைத் திறந்தால் போதும், அதன் ஃபேன் மாவு மில் மாதிரி கத்த ஆரம்பிக்கும். ஒருநாள் சாயங்காலம் கடையில் யாரிடமோ முறைத்துக்கொண்டு வந்தவர், கீழே நின்று அவளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அதற்கும் இல்லை. படியேறிப் போய்க் கதவைத் தள்ளியபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். அவர் வந்ததே அவளுக்குத் தெரியாது. தலைமுடியைப் பிடித்து நாற்காலியோடு கீழே இழுத்துப் போட்டார். லேப்டாப்பைத் தூக்கிக் கதவு நிலையில் அடித்தார். வேண்டாம் வேண்டாம் என்று அவள் கையை நீட்டினாள். அடுத்த அடி விரல்மேல் விழுந்தது.

எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் கோணல். ஆனால் அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள். தட்டை வைத்துவிட்டுப் போவாள். அப்பா என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வராது.

"படிப்பு முடியிற வரைக்கும் சித்தி வீட்ல போய் இருக்கட்டுமேங்க" என்று மனைவி ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏன், இந்த வீட்ல என்ன புலியா இருக்கு?"

அந்த அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இடி அண்ணனுக்கு உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. மகளென்றால் அவருக்கு உயிர். அடிக்கிறவனுக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், இருந்தது. அவள் போய்விடக் கூடாது. ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. தெரிந்தது லேப்டாப் ஒன்றுதான். அவள் தூக்கிக்கொண்டு போகத் தோதாக, ஊரிலேயே நல்ல மெல்லிய லேப்டாப்பாகப் பொறுக்கி, அவள் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

கடையில் மூன்றைத் தனியே எடுத்து வைத்தார். அவர் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். முதலாவது ஓட்டக்காரன்: எடுத்த எடுப்பில் பிய்த்துக்கொண்டு போகும், கொஞ்ச நேரத்தில் சூடேறி மூச்சு வாங்கும். இரண்டாவது மாடு: ஆரம்பம் அப்படியொன்றும் பிரமாதமில்லை, ஆனால் பிடித்த வேகத்தைக் கடைசிவரை விடாது, அதற்காக உள்ளே இரண்டு ஃபேன் சுழன்றுகொண்டே இருக்கும். மூன்றாவது ஊமை: மின்சாரம் கொஞ்சமாகக் குடிக்கும் சிப், ஃபேனே கிடையாது. மற்ற இரண்டும் வீடியோவை முடித்துவிட்டுச் சும்மா கிடக்கும்போது இது பாதிதான் தாண்டியிருந்தது. அவள் வரையும் கட்டடப் படங்களையும் மூன்றிலும் திறந்து, சுழற்றி, பெரிதாக்கிப் பார்த்தார். தொடையில் கொப்புளமே வந்துவிட்டது. மாடுதான் என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மேஜையில் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. இடி அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். சூடு, வேகம், பேட்டரி என்று மூச்சுவிடாமல் விளக்கினார். முதலாளிகூட இவருக்கா இவ்வளவு இனிமையான குரல் என்று எட்டிப் பார்த்தார்.

மகள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு லேப்டாப் மேலும் காதை வைத்துக் கேட்டாள். ஓட்டக்காரன். மாடு. பிறகு ஊமை. அதன்மேல் கோணல் விரலை வைத்து, அம்மாவிடம், "இது போதும்" என்றாள்.

"அது வேணாம்மா" என்றார். "அது சும்மா லெட்டர் அடிக்கிறவங்களுக்கு. உன் படத்துக்குத் திணறும். இதை எடுத்துக்கோ."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நான் ஒரு வாரமா தொடையைப் பொசுக்கிக்கிட்டுப் பார்த்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

மறுபடியும் தலையாட்டல்.

"வாயைத் திறந்து சொல்லேன். ஏன் அது?"

அவள் ஊமையை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இடி அண்ணனுக்குக் கண் மண் தெரியவில்லை. மாட்டைத் தூக்கி மேஜை விளிம்பில் ஓங்கி அடித்தார். திரை சிதறி, ஒரு துண்டு மனைவியின் நெற்றியைக் கிழித்தது. "அண்ணே, பொண்ணு மேல கை வைக்காதீங்க" என்று குறுக்கே வந்த முதலாளியை ஒரு தள்ளு தள்ளினார். அவர் கண்ணாடி அலமாரிக்குள் போய் விழுந்தார். முழங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மகளின் கழுத்தைப் பிடித்து ஷட்டரோடு சாய்த்தார். அவள் தலை அந்தக் குழியில் போய் இடித்தது.

"சொல்லுடி! ஏன் அதுதான் வேணும்? சொல்லு!"

அவள் அழவில்லை. மூச்சு திணறத் திணறச் சொன்னாள். "அதுல ஃபேன் சத்தம் இல்லப்பா. நீங்க படியேறி வர்றது காதுல விழும்."

அவள் கழுத்தை விட்டுவிட்டார். அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். இவ்வளவு நாளும் அவர் ஏங்கியது அந்தச் சொல்லுக்குத்தான். இப்போது அது வந்தும் பிடித்துக்கொள்ள முடியாமல், காது எரிய நின்றார். நெற்றி ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டே மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். ஊமை மகளின் கையிலேயே இருந்தது. இருவரையும் யாரும் தடுக்கவில்லை.

"அண்ணே, நீங்க இனிமே கடைக்கு வராதீங்க" என்றார் முதலாளி, கையைத் துணியால் சுற்றிக்கொண்டே. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார் இடி அண்ணன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் மனைவி நெற்றியில் கட்டோடு ஒரு பையில் மகளின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மந்தக் காது வாசல் பக்கம் இருந்ததால் அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. மாடியிலிருந்து கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும், மழைத்தூறல்போலச் சீராக, கீழே வந்துகொண்டிருந்தது. நல்லபடியாகத்தான் ஓடுகிறது என்று அந்த நிலைமையிலும் அவர் மனம் சோதித்துக்கொண்டது. போய் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முடிந்தவரை மெதுவாக, முதல் படியில் காலை வைத்தார்.

மேலே தட்டும் சத்தம் நின்றது.

காலைப் பின்னால் எடுத்து, தரையில் வைத்தார். சத்தம் திரும்ப வருமா என்று காதைக் கொடுத்து நின்றார். வரவில்லை. அவர் நிற்கிறாரா, வருகிறாரா, போகிறாரா என்று மேலே அவளும் அதே மாதிரி காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.